ஈரம் காய மூன்று நாள்

மேல்தளத்தில் நீர்க்கறை விழுந்தால் உடனே வெள்ளை அடிக்கக் கூடாது. பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். பிறகு மூன்று நாள் காயவிட வேண்டும். உப்புத்தாள், பிரைமர், பெயின்ட் எல்லாம் அதற்கு அப்புறம்தான். இருபத்தாறு வருடம் பெயின்ட் வேலை பார்த்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

எங்கள் வீட்டில் ஒழுகிய இடம் என் அண்ணன். மாடியில் அவன் தனிக்கட்டை. கீழே நானும் என் மனைவியும். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ரேடியோ கேட்கப் போய்விடுவான். வாளி வழிந்து, தரை நிறைந்து, என் முன்னறை மேல்தளத்தில் வந்து இறங்கும். வேலை கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் அறை அது. போன மாதம் ஒரு பள்ளிக்கூட நிர்வாகி வந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் அண்ணாந்து பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். எனக்கு மானமே போயிற்று.

அண்ணனிடம் சொன்னால் சிரிப்பான். "கறைதானடா? கல்லா உன் தலையில விழுது? நீதான் பெயின்டராச்சே, ஒரு இழுப்பு இழுத்து விடு."

அப்படி ஒரே வருடத்தில் ஐந்து முறை இழுத்துவிட்டேன். அவன்மேல் எனக்குப் பகை உண்டா என்று கேட்டீர்கள். சத்தியமாக இல்லை. அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கறையைத்தான் பிடிக்காது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறாவது முறையாக ஒழுகியது. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். என்னிடமிருந்த சாவியால் மாடிக் கதவைத் திறந்தேன். அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தான். இடுப்பெலும்பு போயிருக்க வேண்டும், இம்மிகூட நகர முடியவில்லை. குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியாடா தம்பி, நல்ல வேளை. ஆம்புலன்சுக்குச் சொல்லுடா," என்றான்.

குழாயை மூடினேன். கீழே வந்து பார்த்தேன். சொட்டு நின்றிருந்தது. அப்படியொரு நிம்மதி எனக்குக் கிடைத்து எத்தனை மாதமாயிற்று தெரியுமா? ஃபோனைக் கையில் எடுக்கத்தான் செய்தேன். அப்புறம் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். திரும்பி இங்கேதான் வருவான். நடக்கும்போதே குழாயை மூடாதவன், நடக்க முடியாமல் போனால் மூடுவானா? முதலில் மேல்தளம் காயட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஃபோனை வைத்துவிட்டேன். அவசரத்தில் அடித்த பெயின்ட் எதுவும் நிலைத்ததில்லை.

அன்று முழுக்கக் குவளையால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டத் தட்டப் பொரிந்த சுண்ணாம்பு தானாக உதிர்ந்தது. சுரண்டும் வேலை எனக்குப் பாதி மிச்சம்.

மனைவி ஃபோனில் கேட்டாள். "உங்க அண்ணன் சாப்பிட்டாரா?"

"அவரு படுத்திருக்காரு, தொந்தரவு பண்ண வேணாம்," என்றேன். பொய் பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது.

வியாழக்கிழமை தட்டல் நின்றது. ஒருவழியாகத் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே இரண்டு பூச்சு கொடுத்தேன். வந்து பாருங்கள் ஐயா, கறை எங்கே இருந்தது என்று விரல் வைத்துக் காட்ட உங்களால் முடியாது. வேலை முடிந்ததும் ஆம்புலன்சை நானேதான் கூப்பிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எலும்பு முறிவால் அல்ல, தண்ணீர் இல்லாமல்தான் செத்திருக்கிறான் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம், அவர் படித்தவர். புதன்கிழமை நான் மேலே போனது உண்மைதான். தரை காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். காய்ந்திருந்தது. அண்ணன் கண்ணைத் திறந்து, "ஒரு வாய் தண்ணி குடுடா," என்றான். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. டம்ளரில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாங்குவதற்குக் கையை நீட்டினான். கை வெடவெடவென்று நடுங்கியது. கொடுத்திருந்தால் பாதியைத் தரையில் சிந்தியிருப்பான்.