உரிமப் பிரிவின் ‘எதுக்கு சார்’

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அவர்களே, தந்தையை இழந்து முன்வரிசையில் கலங்கி நிற்கும் மகளே, இடப்பக்கம் என் அலுவலக நண்பர்களே, வலப்பக்கம் ஏற்றுமதித் தொழிலதிபர்களே! இரங்கல் கூட்டத்திலும் நாம் பிரிந்துதான் உட்கார்ந்திருக்கிறோம். யாரும் சொல்லவில்லை, பழகிவிட்டது.

தொழில்நுட்ப ஏற்றுமதி உரிமப் பிரிவின் முன்னாள் தலைமை அலுவலர், நம் எல்லோருக்கும் ‘எதுக்கு சார்’! ஓர் இயந்திரம் எல்லையைத் தாண்ட வேண்டுமென்றால் முதலில் அவர் மேசையைத் தாண்ட வேண்டும். யாருக்குப் போகிறது? எதற்குப் போகிறது? அங்கிருந்து வேறெங்காவது போகுமா? இதைக் கேட்காமல் அவர் பேனா மூடியைத் திறந்ததில்லை. புது மிக்சி வேண்டுமென்ற மனைவியிடமும் ‘எதுக்கு?’ என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். அந்த அம்மையார் போன பிறகு அவரைத் திட்டவும் வீட்டில் ஆளில்லை.

அதோ, மூன்றாம் வரிசையில் வால்வு முதலாளி இருக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அவருடைய முதல் வெளிநாட்டு ஆர்டர், பால் பதப்படுத்தும் ஆலைக்கு என்று விண்ணப்பம். நம்மவர் வரைபடத்தைப் பார்த்தார்.

“பாலுக்கு எதுக்குய்யா இவ்வளவு கடுமையான அமிலம் தாங்குற வால்வு? வாங்குறவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டார்கள். பதில் வரவில்லை. வாங்க வந்தவர் ஆர்டரையே விட்டுவிட்டு மாயமாகிவிட்டார்! பால் காய்ச்சுகிறவன் ஒரு கேள்விக்கு ஓடுவானா? அந்த வால்வு எந்த நச்சுவாயு ஆலைக்குப் போயிருக்கும், யார் மூச்சை நிறுத்தியிருக்கும்? நமக்குத் தெரியாது. நடக்காமல் போன கேட்டுக்கு யார் வந்து கைதட்டுவார்கள்? வால்வு முதலாளி மட்டும் நெடுநாள் அவர்மேல் கடுகடுவென்று இருந்தார்.

விண்ணப்பதாரர் தரும் தேநீரைக்கூடத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. அவர் அதோடு விட்டாரா? யார் வீட்டு விசேஷத்துக்கும் போகமாட்டார். பேச்சுக் கொடுத்தால் சிபாரிசு ஆகிவிடுமாம், கேன்டீனில் ஓரத்து மேசையில் தனியாகச் சாப்பிடுவார். அவருக்கு ஆசையாகப் பேசத் தெரிந்ததெல்லாம் இயந்திரங்களைப் பற்றித்தான். அதைப் பேசக்கூடியவர்களோ எல்லோரும் எதிர்ப்பக்கம்!

ஓய்வு பெற்ற மறுவாரம் வால்வு முதலாளியின் பட்டறைக்குப் போயிருக்கிறார். வாசலில் அவரைப் பார்த்ததும் முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திடீர்ச் சோதனை என்று நினைத்து எல்லா ஃபைலையும் மேசையில் அடுக்கிவிட்டார்.

“சார், எல்லாம் சரியா இருக்கு, நீங்களே பாத்துக்கோங்க.”

“இல்லப்பா, சும்மாதான் வந்தேன்.”

யார் நம்புவார்கள்? சும்மா வருகிற ஆளா அவர்? மிஷின் ஓடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “சரி, வரட்டுமா” என்று கிளம்பிவிட்டார். ஒரு டீ கொடுக்க இவருக்குப் பயம், லஞ்சம் என்று எழுதிவிடுவாரோ என்று! நான் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்கு வந்திருந்தால் நானும் ஃபைலைத்தான் தேடியிருப்பேன்.

அன்று மாலை வெளியூரிலிருந்து மகள் போன் செய்திருக்கிறார்.

“டீ குடிச்சீங்களாப்பா?”

“குடிச்சேன்மா. தெரிஞ்சவர் பட்டறைக்குப் போயிருந்தேன். உக்கார வச்சு ரொம்ப நேரம் பேசிட்டிருந்தாங்க. நல்லா கவனிச்சாங்க.”

நேற்று மகள்தான் இதை என்னிடம் சொன்னார். அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவர் எவ்வளவு தனியாக இருந்திருப்பார்!

சபையோரே, அவர் நாற்காலி இப்போது என்னிடம். உறுதியாகச் சொல்கிறேன், அந்தக் கேள்விகள் நிற்காது. தாமதமானால் என்னைத் தாராளமாகத் திட்டுங்கள். பதவியில் இருக்கும்வரை உங்கள் தேநீரும் எனக்கு வேண்டாம். ஆனால் எங்களில் ஒருவர் ஓய்வு பெற்று உங்கள் வாசலில் வந்து நின்றால், காகிதம் எதையும் எடுக்காதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். நம்புங்கள், அவர் சும்மாதான் வந்திருப்பார்.