முன்னால் எட்டு, பின்னால் பன்னிரண்டு

உங்கள் ஜீப்பின் பின்பக்க ஷாக் அப்சார்பர் போய்விட்டது, சார். ஸ்டேஷனுக்கு வரும் வழியிலேயே கவனித்தேன். சீக்கிரம் மாற்றிவிடுங்கள், இடுப்பு வலி வந்துவிடும்.

என் பெயர் தருமன். பழவேற்காட்டில் இருபது வருடமாக மெக்கானிக். தம்பி தமிழ்வாணனின் கார் எப்படிக் கிணற்றில் விழுந்தது என்று கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டு எடுக்கும். அப்பா போனால் ஒரு மகன் பெயர்தான் பட்டியலில் ஏறும். நைனா போனபோது தம்பி பெயரை ஏற்றினார்கள். நான் மூத்தவன். கேட்டதற்கு, "நீதான் ஸ்பேனர் புட்ச்சிட்டியே, ஒனக்கு இன்னாத்துக்குப் பாடு?" என்றார் ஊர்த் தலைவர் துளசிங்கம். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். ஆறு வருடமாக வயிறு எரிந்தது, சார்.

தம்பிக்கு டிரிஃப்ட் பைத்தியம். வளைவில் காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டுவான். திருப்பாலைவனம் தாண்டி, மனை போட்டும் யாரும் வீடு கட்டாத இடம் ஒன்று இருக்கிறது. தார் ரோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். ஞாயிறு காலையில் அங்கே போவான். கடைசி வளைவில் ஒரு சின்ன மேடு, அதன் பக்கத்தில் சுவரில்லாத பழைய கிணறு.

காரை நான்தான் தயார் செய்து கொடுத்தேன். டிரிஃப்டுக்கு முன் ஸ்பிரிங் கெட்டியாக இருக்க வேண்டும், பின் ஸ்பிரிங் அதைவிட இளக்கமாக. முன்னால் எட்டு, பின்னால் ஐந்து போட்டிருந்தேன். ஒரு மில்லிமீட்டர் அமுங்க எட்டு கிலோ, ஐந்து கிலோ என்று அர்த்தம். அமுங்கிய ஸ்பிரிங் துள்ளாமல் பிடித்துக்கொள்வது ஷாக்கின் வேலை. அவன் எடையைக்கூடப் பார்த்து ஷாக் திருகை முடுக்கி வைத்தேன். மூன்று மாதம் கார் வெண்ணெய் மாதிரி ஓடியது.

அந்த ஞாயிறு பின்னால் ஐந்தை எடுத்துவிட்டுப் பன்னிரண்டைப் போட்டேன். ஷாக் திருகை முழுக்கத் தளர்த்தினேன். உங்கள் ஆட்கள் ஸ்பிரிங்கில் படித்த எண் அந்தப் பன்னிரண்டுதான். முதல் சுற்று முடிந்து வந்து, "இன்னாண்ணா, பின்னாடி தூக்கி அடிக்குது?" என்றான்.

"புது ஸ்பிரிங்டா. ரெண்டு ரவுண்டு போனா செட் ஆயிடும்" என்றேன்.

ஒரு ரவுண்டுதான் போனான். மேட்டில் பின்சக்கரம் தரையை விட்டது. நான் அழுதேன், சார். நடிப்பில்லை. என் தம்பிதானே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊர் கூடியது. என் பெயரை வாசிப்பார்கள் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். தம்பி மனைவி அமுதவல்லியின் பெயரை வாசித்தார்கள். "செத்தவன் பாடு பொண்டாட்டிக்குத்தாம்ப்பா. ஆளு வெச்சி வல போட்டுக்கும்" என்றார் துளசிங்கம். ஷெட்டிலேயே கிடந்ததில் ஊர் வழக்கம் எனக்கு மறந்துபோயிருந்தது. அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்குப் பிறகு பாடு யாருக்கு என்று இந்த முறை தெளிவாகக் கேட்டுக்கொண்டேன். மூத்தவனான எனக்குத்தானாம்.

நேற்று அமுதவல்லி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். "மாமா, பின்னாடி ரொம்பக் குலுங்குது, இன்னான்னு பாருங்களேன்" என்றாள். இன்று காலை வேலையை முடித்துக் கொடுத்தேன். நாம் ஜீப்பில் வரும்போது இறால் கூடையோடு நம்மைத் தாண்டிப் பொன்னேரிப் பக்கம் வேகமாகப் போனாளே, அவள்தான்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மட்டும்தான் மாற்றினேன். பிரேக்கில் கை வைக்கவில்லை. தம்பி காரிலும் வைக்கவில்லை, வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். பிரேக்கில் கை வைத்தால் அது கொலை.