குப்பைத்தொட்டியில் முப்பது நாள்

தீர்ந்துபோன பேனாவை மேசை டிராயரில் வைத்துக்கொண்டு என்னால் வேலை பார்க்க முடியாது. வேண்டாததை அன்றன்றைக்கே கழித்துவிட வேண்டும். இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் பதினாறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் கிடங்கை என் கையில் ஒப்படைத்தார்கள். நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆனால் கிடங்கு என்றால் என்னவென்று தெரியாமல் எழுதிக்கொண்டால் இதிலும் தப்பு வரும். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து ஏற்றும் பம்ப் செய்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்கும். மணிக்கு இத்தனை மில்லி என்று சொன்னால் அத்தனை மட்டும் நரம்பில் ஏற்றும். அதற்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறவர்கள் மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதி, பம்பில் ஏற்றுவதற்குத் தயாராகக் கட்டித் தரும் கோப்புக்கு பில்டு என்று பெயர். எல்லா பில்டும் என் கிடங்குக்குத்தான் வரும். கிடங்கு என்றதும் பெரிய கட்டடமாக நினைக்க வேண்டாம். ஒரு சர்வர், ஒரு கறுப்புத் திரை, அவ்வளவுதான். எது ஆஸ்பத்திரிக்குப் போகும், எது அழியும் என்று அந்தத் திரையில் கட்டளை அடிப்பது நான். அடித்த ஒவ்வொரு கட்டளையையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பேன். மாடிக்காரர்களுக்கு அது ஒரு சிரிப்பு.

மாடிக்காரர்களில் ஒருவர் என் தங்கை வீட்டுக்காரர். அவரைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். மேலாளரிடம் மூன்று தடவை போய் நின்றேன். நாலாவது வருஷமே மாப்பிள்ளை தலைமைப் பொறியாளர் ஆகிவிட்டார். ஏணி பிடித்தவன் கீழேயே நிற்பது உலக வழக்கம். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

போன வருஷம் பம்புக்கு 4.2.7 என்ற புது மென்பொருள் தயாரானது. மாப்பிள்ளை அதை ஒரே மூச்சில் முடிக்கவில்லை. பதினோரு தடவை கட்டினார். பதினொன்றுக்கும் வெளியே தெரியும் எண் 4.2.7தான், உள்ளே பில்டு எண் மட்டும் வேறு. முதல் பத்திலும் ஒரு கோளாறு இருந்தது. மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியை மாற்றினால் வேகம் இரண்டு மடங்காகிவிடும். அதைக் கண்டுபிடித்ததும் அவர்தான், பதினொன்றாவதில் சரிசெய்ததும் அவர்தான். கெட்டிக்காரர், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஒரு புதன்கிழமை அதை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கடைசி பில்டை வைத்துக்கொள், மற்றதை அழி, வைத்ததை அனுப்பு என்று ஒரே வரியில் கட்டளை கொடுத்தேன். அழிப்பதற்கு முன்னால் முன்னோட்டம் பார்ப்பது என் வழக்கம். கட்டளையின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் எதையும் தொடாமல், எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். அன்று பார்க்கவில்லை. தங்கை வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள், நேரமாகிவிட்டது.

கணினி சில சமயம் எண்களை அகராதிச் சொற்களைப் போல அடுக்கும். முதல் இலக்கத்தைத்தான் பார்க்கும். ஒன்றில் ஆரம்பிக்கும் பத்தும் பதினொன்றும் இரண்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடும், ஒன்பது கடைசியில் நிற்கும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதம் படிக்கிற பாடம் இது. பதினொன்று அழிந்தது. ஒன்பது ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. அது எனக்கு அப்போது தெரியாது.

சாப்பாட்டில் உறவுக்காரர் ஒருவர் எனக்கு என்ன வேலை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை சொன்னார்: "மச்சானுக்கு என்னங்க, ராஜா வேலை. நாங்க கட்டி வைக்கிற பெட்டிய இங்கருந்து தூக்கி அங்க வைக்கணும். அதுவும் அடுத்த வருஷம் தானாவே நடக்கிற மாதிரி பண்ணிடுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்து நோட்டில் எழுதும்போதுதான் அழிந்தவற்றின் பட்டியலைப் பார்த்தேன், அதில் பதினொன்று இருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும், பரவாயில்லை. அழித்தது எதுவும் உடனே போய்விடாது. முப்பது நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஒரு வரி அடித்தால் மீண்டு வரும். அந்த வரியை அடித்தேன். எண்டர் விசையில் விரலையும் வைத்தேன்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. யாராவது ஒரு நர்ஸ் பம்ப் சரியில்லை என்று புகார் சொல்வாள். காரணம் புரியாமல் மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வருவார். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, மச்சான், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க என்று ஒரு தடவை கேட்பார். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அடித்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, அதையும் நோட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள் ஒரு ஆஸ்பத்திரியில் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். எண்பத்திரண்டு வயது. வயதாகிவிட்டது என்று எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. குப்பைத்தொட்டியைப் பார்த்தேன், இன்னும் இருபத்தோரு நாள் இருந்தது.

இருபத்திரண்டாம் நாள் ஒரு பெண். குழந்தை பெற்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நர்ஸ் பேட்டரியை ஒழுங்காகத்தான் மாற்றியிருக்கிறாள், அவள்மேல் பிசகில்லை. அதன்பிறகுதான் பம்புகளையெல்லாம் நிறுத்திச் சீல் வைத்தார்கள். விசாரிக்க நீங்களும் வந்தீர்கள்.

இருபத்தெட்டாம் நாள் காலையில் மாப்பிள்ளை இறங்கி வந்தார். முகம் கழுவாத மாதிரி இருந்தது.

"மச்சான், ஆஸ்பத்திரியில ஒன்பதாவது பில்டு ஓடியிருக்கு. பதினொண்ணுல நான் சரி பண்ணிட்டேன், சத்தியமா பண்ணிட்டேன். அந்த பில்டு உங்ககிட்ட கிடங்குல இருக்கும்ல?"

"தேடிப் பாக்கறேன் மாப்பிள்ளை."

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க மச்சான். என் கம்ப்யூட்டர்ல இருக்கிற தேதிய யாரும் நம்பல. அது ஒண்ணுதான் எனக்குச் சாட்சி."

நான் எதிர்பார்த்த அதே வார்த்தைகள். ஆனால் அந்த நிறைவு வரவில்லை. கடைக்காரனிடம் சாமான் கேட்கிற மாதிரிதான் காதில் விழுந்தது. தேடினேன். இருந்தது. இரண்டு நாள் மீதி என்று அதன் பக்கத்தில் காட்டியது. அவரிடம் நான் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். குப்பைத்தொட்டியில் பத்து என்று இருந்தது பூஜ்யமானது. நான் ஒரு விசையையும் தொடவில்லை. இதைக் குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் நீங்கள் வந்து பதினொன்று என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அன்றைக்கு இல்லை.

சாவு விழுந்தபிறகு தேதியை மாற்றித் திருத்தம் எழுதிச் சேர்த்தார் என்று மாப்பிள்ளைமேல் வழக்குப் போட்டீர்கள். ஏழு மாதமாக உள்ளே இருக்கிறார். தங்கையும் அவள் பெண்ணும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். தினமும் ஒரு தடவையாவது அழுவாள். "அவரு பொய் சொல்லமாட்டாருண்ணா. நீயாவது நம்புறியா?" என்று கேட்பாள். நம்புகிறேன் என்று சொல்வேன். அதில் பொய்யே இல்லை.

பிறகு ஏன் இன்று வந்தாய் என்று கேட்கிறீர்கள். தங்கைக்காகத்தான், வேறு யாருக்காக. போன வாரம் உங்கள் விசாரணை அறிக்கை வெளியானது. நூற்று நாற்பது பக்கத்தையும் படித்தேன். மாப்பிள்ளையைப் பற்றி ஒன்பது பக்கம். நர்ஸைப் பற்றி நாலு. பேட்டரி விற்றவனைப் பற்றிக்கூட அரைப் பக்கம் இருக்கிறது. அறுபத்தோராம் பக்கத்தில், கிடங்கு தானாகவே இயங்கும் அமைப்பு, அதை யாரும் நடத்துவதில்லை என்று ஒரே ஒரு வரி. பதினாறு வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தவன் நான்.

இதோ நோட்டு. அந்தப் புதன்கிழமையின் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். அழித்தது, அனுப்பியது, மீட்க அடித்துவிட்டு எண்டர் தட்டாமல் விட்டது, மூன்று வரியும் என் கையெழுத்துதான். இன்னொரு உயிரும் போகும் என்று ஒன்பதாம் நாளே எனக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையை விடுவிப்பதை உங்கள் முறைப்படி செய்யுங்கள், அதற்கு நாளானாலும் பரவாயில்லை. அறுபத்தோராம் பக்கத்தை மட்டும் இன்றைக்கே திருத்திவிடுங்கள்.