பின்னால் போகாத கலியாணக் கார்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

உயிலங்குளத்திலிருந்து மன்னார் சென்ற பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் உரிமையாளரும் அதைத் திருத்தும் மெக்கானிக்கும் அமர்ந்திருந்தனர். மெக்கானிக்கின் கையில் ஒரு பல்சக்கரம் இருந்தது.

“கியர்ப்பெட்டியை முழுக்கக் கழட்டிப் பூட்டியாச்சு அண்ணை. முன்னுக்கு நாலு கியரும் பூப்போலை விழுது. மன்னாரிலை ஒயில் வாங்கி விட்டால் சரி.”

“அப்ப கையிலை என்ன?”

“ரிவர்ஸ் சக்கரம். பல்லு ரெண்டு உடைஞ்சு கிடந்தது. கலியாணப் பொம்பிளை போற காருக்கு ரிவர்ஸ் என்னத்துக்கெண்டு விட்டிட்டன்.”

“கோயில் ஒழுங்கை முட்டு ஒழுங்கை, தம்பி. அங்காலை வழியில்லை.”

“மாப்பிள்ளை பகுதி சும்மாதானே நிக்கும், தள்ளட்டும்.”

உரிமையாளர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

“காருக்குள்ளை மகளும் நானும்தான். கோயில் வாசலிலை வைச்சு, ‘அப்பா, விருப்பமில்லை, வீட்டை போவம்’ எண்டு சொல்லமாட்டாள். சொன்னாளெண்டால்?”

மெக்கானிக் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இறங்குங்கோ அண்ணை. ஊருக்குத் திரும்பி, லேத் பட்டறையிலை புதுசு வெட்டுவிச்சுப் பூட்டுவம்.”

மன்னார்ப் பாலம் வருமுன்னரே இருவரும் இறங்கி, உயிலங்குளம் திரும்பும் பேருந்துக்காக வீதியின் மறுபக்கம் நின்றனர்.

இக்குறிப்பைத் தயவுசெய்து உங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரப்படுத்தி வைத்திருங்கள்.