அந்தப் பழைய பேர் வேணாம்ணே

மதியம் இரண்டு மணி. ராத்திரி இல்லை, மதியம்தான். சிரிக்காதே சரவணக்குமார். பேய்க்கு நைட் ஷிப்ட் மட்டும்தான் என்று உனக்கு எவன் சொன்னது? முதலில் அந்தப் போனைக் கவிழ்த்து வை. கரண்ட் போனதே கதை கேட்கத்தான். உன் மூஞ்சியில் அந்த வெளிச்சம் விழுவதைப் பார்க்கவே எரிச்சலாக வருகிறது.

திருவரங்குளம் தாண்டி உள்ளே போகிற ரோடு. இரண்டு பக்கமும் தைலமரக் காடு. ஆள் இல்லை, ஆடு இல்லை... காய்ந்த இலை மேல் சக்கரம் ஏறுகிற சத்தம் மட்டும், சரக் சரக் என்று. பைக்கில் போனவர் மரியசெல்வம் அண்ணன். என்னோடு காலேஜில் படித்தாளே பிளெஸ்ஸி, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். வீடு வீடாகப் போய் இன்டர்நெட் லைன் கொடுக்கிறவர். நல்ல மனுஷன்தான், ஆனால் எதிலும் அவசரம். பையில் ஒரு புது ரவுட்டர் இருந்தது.

காட்டுக்கு நடுவில் ஒற்றை வீடு. உள்ளே ரஞ்சிதா என்கிற பெண் தனியாக இருந்தாள். புருஷன் தங்கமுத்து சிங்கப்பூரில் செத்துப்போய், பெட்டியில் வந்து, புதைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு அப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே ஓர் ஆஸ்பத்திரிக்குப் பில் போட்டுத் தருகிற வேலை. முதல் நாள். மூன்று மணிக்குள் கம்ப்யூட்டரில் உள்ளே நுழையாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்த ஒன்றுதான்.

பழைய ரவுட்டர் எங்கே என்று அண்ணன் கேட்டார். கொல்லைப்பக்கம் கையைக் காட்டினாள். அம்மிக்குப் பக்கத்தில் தூள்தூளாகக் கிடந்தது.

"நாந்தாண்ணே கொழவிய எடுத்துப் போட்டு ஒடச்சேன். அவுகளப் பொதச்ச பெறகு அடுப்படிக் கேமரா திரும்புச்சு. நான் அங்கிட்டுப் போனா அங்கிட்டு, இங்கிட்டு வந்தா இங்கிட்டு..."

அந்த வீட்டில் மூன்று கேமரா. வாசலைப் பார்த்து ஒன்றுகூட இல்லை, அதைக் கவனியுங்கள். அடுப்படியில் ஒன்று, ஹாலில் ஒன்று, படுக்கிற அறையில் ஒன்று. அந்தப் பாவி கல்யாணமான மாதமே விமானம் ஏறிவிட்டான். அங்கே உட்கார்ந்துகொண்டு, போனில் விரலால் தள்ளித் தள்ளி, அவள் போகிற பக்கமெல்லாம் கேமராவைத் திருப்புவான். அதிலேயே ஸ்பீக்கரும் உண்டு, அதில் அதட்டுவான். அந்த வீடு கட்டியதற்கப்புறம் அவன் உயிரோடு ஒருநாள்கூட அதற்குள் கால் வைத்ததில்லை. வந்ததெல்லாம் வைஃபை வழியாகத்தான். சீ, அவனைச் சொல்ல நல்ல வார்த்தை வாயில் வரமாட்டேன் என்கிறது.

கேமராக்கள் உயரத்தில் இருந்தன, வயர் சுவருக்குள். கழற்ற ஆள் சொல்லியிருந்தாள், வந்தபாடில்லை.

"ரவுட்டர் போடுங்க. ஆனா அந்தப் பழைய பேர் வேணாம்ணே. பாஸ்வேர்டும் வேணாம். ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

"அதுக்கென்னம்மா, புதுசாவே வச்சிருவோம்," என்றார் அண்ணன். மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

ரவுட்டரை மாட்டினார். சிவப்பு லைட் எரிந்தது. வயர் முனையை வெட்டிச் சரிசெய்தார், பச்சை வந்தது. 'ரஞ்சிதா' என்று பெயர் வைத்தார். அவர் போனில் நெட் ஓடியது, அவள் போனில் ஓடியது. லேப்டாப்பில்தான் ஏறவில்லை. அணைத்துப் போட்டார். ரவுட்டரை அணைத்துப் போட்டார். வேர்த்துக் கொட்டுகிறது... அப்புறம்தான் பிடிபட்டது. அந்த லேப்டாப் தங்கமுத்து வாங்கிக் கொடுத்தது. அந்த வீட்டு வைஃபையைத் தவிர வேறெதையும் தொடவிடாமல் பூட்டி வைத்திருந்தான். பூட்டைத் திறக்கிற பாஸ்வேர்டு அவனோடு மண்ணுக்குள் போய்விட்டது. வயர் சொருகவும் அதில் இடம் இல்லை.

மணி மூன்றை நெருங்கிவிட்டது. ரஞ்சிதா மோர் கலக்க அடுப்படிக்குப் போயிருந்தாள். அண்ணன் ஆபீசுக்குப் போன் போட்டு, பழைய பெயர் என்ன என்று கேட்டார். 'தங்கமுத்து இல்லம்' என்றார்கள். பாஸ்வேர்டைப் படித்துக் காட்டியவன் சிரித்தானாம். 'ரஞ்சிதா எனக்கு மட்டும்.'

அண்ணனுக்கு என்னவோபோல் இருந்தது. இருந்தும் அடித்தார். பழைய பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் பழையதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், அவர்கள் தொழிலில் அது சுலப வழி. இன்றைக்கு வேலை ஓடட்டும், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. கேட்டால் என்ன, வாய் தேய்ந்தா போகும்?

லேப்டாப் அந்த நிமிஷமே ஒட்டிக்கொண்டது. ரஞ்சிதா சொம்போடு ஓடிவந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் என்று அண்ணன் சொன்னார்.

அப்போது... டிர்ர்ர்ர்.

ஹால் கேமராவின் சிவப்பு லைட் நீலமாக மாறியிருந்தது. அதன் உருண்டைத் தலை மெல்லத் திரும்பி ரஞ்சிதாவிடம் நின்றது. அவள் ஓரடி நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது.

"யாரும்மா போன்ல பாக்குறது?" என்றார் அண்ணன்.

"அவுக போன்ல மட்டுந்தான் பாக்க முடியும். அதப் பொட்டியிலயே வச்சுப் பொதச்சிட்டோம்ணே."

வெளிநாட்டிலிருந்து வருகிற பெட்டியைத் திறக்கும்போது ஒரு மருந்து வாடை அடிக்கும், கண்ணெல்லாம் எரியும். நம் பக்கத்தில் அந்த வாடை தெரியாத ஊர் ஏது? அது ஹால் முழுக்க அடித்தது. டிர்ர்ர்... கேமரா இப்போது அண்ணன் பக்கம் திரும்பியது. ஸ்பீக்கரில் நகத்தால் தட்டுகிற சத்தம். டக். டக். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல்.

"யாருடி அவன்?"

சொம்பு கீழே விழுந்தது. அண்ணன் பாய்ந்து ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கி, மெயின் சுவிட்சையும் இறக்கினார். எல்லா லைட்டும் அணைந்தது. கேமரா லைட்டும்தான். அப்பாடா என்று மூச்சு விட்டார்... டிர்ர்ர். லைட் இல்லாமலே திரும்பி, மறுபடியும் அவரைப் பார்த்தது.

"ஏசுவே" என்று அலறிக்கொண்டு, அவளையும் இழுத்து வண்டியில் ஏற்றி, இலுப்பூர்ப் பக்கம் அவள் அம்மா மீனம்மாள் வீட்டில்தான் போய் நிறுத்தினார். வேலை போனது போனதுதான். வழியெல்லாம் ரஞ்சிதா ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"பேர மாத்தலையாண்ணே?"

அவர் வண்டியை இன்னும் முறுக்கினார்.

மனசு கேட்காமல் பத்து நாள் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனார். ஓட்டு வீடு. வைஃபை கிடையாது, டிவி கிடையாது, மீனம்மாள் கையில் இருந்ததும் பட்டன் போன்தான். அந்தம்மா வாசலுக்கு வந்து குரலைத் தணித்துச் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கா தம்பி. சாப்புடுறா, தூங்குறா. மத்தியானம் மூணு மணி, இந்த நேரமானா மட்டும் எந்திரிச்சுப் போயி நிக்கிறா. நீங்களே பாருங்க."

எட்டிப் பார்த்தார். ரஞ்சிதா தலை சீவி, பூ வைத்து, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எதிரே வெறும் சுண்ணாம்புச் சுவர். ஓர் ஆணிகூட இல்லை. அண்ணாந்து அதைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.

"சமைச்சுட்டேங்க... இல்லைங்க, எங்கயும் போகலைங்க... சரிங்க."

நடுநடுவே நிறுத்தினாள். யாரோ கேட்பதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. அண்ணன் ஒரு கால் எடுத்து உள்ளே வைத்தார். அவள் பேச்சு நின்றது. திரும்பவில்லை.

"ஆமாங்க," என்றாள் சுவரைப் பார்த்து. "அன்னிக்கு வந்தவருதாங்க. இப்ப வாசப்படியில நிக்கிறாருங்க."