தர்ஷன் விற்ற கார்டு நாக்பூருக்குப் போன விதம்

என் பெயர் சிவபிரகாஷ், வயது 51, தகப்பனார் பெயர் பச்சமுத்து. நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில் குடியிருந்துகொண்டு, மெயின் ரோட்டில் கூரியர் புக்கிங் கடை நடத்தி வருகிறேன். கடைக்கு வருகிறவர்கள் பார்சல் கொடுக்க வந்தாலும் ஊர்ச் சேதி வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள் என்பது என் மனைவியின் புகார். அதை இங்கே சேர்க்க வேண்டியதில்லை என்று உதவி ஆய்வாளர் அறிவுச்செல்வி அவர்கள் சொன்னார்கள். அதற்குள் ரைட்டர் எழுதிவிட்டார்.

லாரி வைத்து ஓட்டும் தனபால் என்பவர் என்னோடு பள்ளியில் படித்தவர். அவருடைய ஒரே மகன் தர்ஷன் கல்லூரியில் படித்துக்கொண்டே, கால்பந்து வீரர்கள் படம் போட்ட கார்டுகளைச் சேர்ப்பதும் ஆன்லைனில் விற்பதுமாக இருந்தான். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் இருக்கும். இதை வாங்கவும் ஆள் இருக்கிறதா என்று நான் கேலி செய்தபோது அவன், "உங்க பேச்சக் கேக்கவே ஆள் இருக்குதுங்களே மாமா" என்றான்.

கார்டை மெல்லிய உறையில் போட்டு, அதன் பிறகு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் செருகி, அதன் பிறகு இரண்டு அட்டைப்பெட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து டேப் ஒட்டி, தண்ணீர் இறங்காத கவரில் போட்டு அனுப்புவது அவன் வழக்கம். பெட்டியில் வைத்தால் கட்டணம் கூடும், வெறும் கவரில் வைத்தால் மடங்கிவிடும். முட்டை அட்டையில் வைக்கலாமே என்று நான் ஒருமுறை யோசனை சொல்லி அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சென்ற ஆவணியில் தர்ஷன் புது பைக் எடுத்து, சங்ககிரிக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்துபோனான். காரியம் முடிந்த பிறகு தனபால், மகனுடைய போனைக் கொண்டுவந்து அதில் ஆங்கிலத்தில் வரும் செய்திகளைப் படிக்கச் சொன்னார். நாக்பூரில் ஒருவர் புத்தம்புது கார்டு ஒன்றுக்குத் தர்ஷனிடம் பணம் கட்டிவிட்டு, எப்போது அனுப்புவாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அதற்குத் தனபால், "லோடு ஏத்தறேன்னு அவன் சொல்லிப்போட்டான் மாப்ள. ஏத்தியுடலீன்னா அவம்பேச்சு என்னத்துக்காவும்" என்றார்.

அதன் பிறகு அவர் தேடி எடுத்துவந்த கார்டை, தர்ஷன் செய்கிற மாதிரியே நான் உறைகளில் போட்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். கவரில் போடப் போகும்போது, "ஊட்டுல ஒருக்கா காட்டிப்போட்டு வாரேன்" என்று வாங்கிப் போனார். திரும்பக் கொண்டுவந்தபோது துண்டுகள் ஒட்டியபடியே இருந்ததால் நான் பிரித்துப் பார்க்காமல் கவரில் போட்டு அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு நாக்பூர்க்காரரிடமிருந்து தர்ஷன் போனுக்கு ஒரு படம் வந்தது. கார்டில் இருந்த விளையாட்டு வீரரின் நெற்றியில் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் இருந்தன. ஈரம் ஊறி, முகம் மூக்கு வரை உப்பியிருந்தது. ரத்தக்கறை பட்ட கார்டைப் புதியது என்று விற்று ஏமாற்றிவிட்டதாக அவர் எழுதியிருந்தார். படத்தைப் பார்த்ததும் நான் சிரித்துவிட்டேன். தனபால் சிரிக்கவில்லை. சந்தனம் குங்குமம் வைக்காமல் அவர் ஷெட்டிலிருந்து எந்த வண்டியும் கிளம்பியதில்லை. "பிளாஸ்டிக்குல வெச்சா அதுக்கு வெச்சமாதிரி ஆவுமா மாப்ள, அதான் உருவி வெச்சேன்" என்றார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "புது வண்டிக்கு வெச்சுப்போட்டுப் போடான்னேன். வந்து வெச்சுக்கலாம்ப்பான்னு போயிட்டான்" என்றார். அதன் பிறகு நான் எதுவும் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

நாக்பூர்க்காரருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பி, நடந்ததை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். அதற்குள் அவர் ஆன்லைனில் கொடுத்த புகார் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டது. புகாரில் எதிரி என்ற இடத்தில் தர்ஷன் பெயர் இருந்தபடியால், அவனை விசாரணைக்கு அனுப்பச் சொல்லி வீட்டுக்குப் போன் போயிற்று. போனை எடுத்தவர் தனபாலின் மனைவி சரிதா. "இருந்தா அனுப்ப மாட்டனுங்களா சார்" என்று சொல்லிவிட்டு, போனை அணைக்காமலே கீழே வைத்துவிட்டார். பேசிய காவலர் அன்று மாலையே அவர்கள் வீட்டுக்கு நேரில் போய், தெரியாமல் கேட்டுவிட்டதாகச் சொல்லி வந்தார்.

அதன் பிறகு இன்று தனபாலும் நானும் நிலையத்தில் ஆஜரானோம். மகன் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும்படி தனபால் கேட்டார். வந்த புகாரில் உள்ள பெயரை அழிக்க முடியாது, முடித்து வைக்கும்போது காரணத்தைத்தான் எழுத முடியும் என்று உதவி ஆய்வாளர் சொன்னார்கள். எனவே காரணத்தைச் சொல்கிறேன். கார்டை அனுப்பியபோது தர்ஷன் உயிரோடு இல்லை. பொட்டு வைத்தது அவன் தகப்பன். பிரித்துப் பார்க்காமல் அனுப்பியது நான். தர்ஷன் யாரையும் ஏமாற்றவில்லை.

இதை ரைட்டர் எங்கள் இருவருக்கும் படித்துக் காட்டினார். "அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னொருக்கா படிங்க சாமி" என்று தனபால் உதவி ஆய்வாளரைப் பார்த்துக் கேட்டார். அவர்கள் தாளை வாங்கித் தாங்களே படித்தார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ப. சிவபிரகாஷ்