பால் காய்ச்சல்னு சொன்ன வீடு

முதல்ல என் மானத்தை நானே வாங்கிக்கிறேன். என் வீட்டம்மாவுக்குப் பிரசவ வலி வந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரியில மயங்கி விழுந்தது அவங்க இல்லை... நான். நர்ஸம்மா என்னைக் கட்டில்ல படுக்க வச்சுட்டு, வலியோட நடந்துக்கிட்டிருந்த அவங்ககிட்ட, "உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் பாத்துக்கங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அப்பேர்ப்பட்ட வீரனைத்தான் இந்த வளைகாப்பு விழாவுல பேசக் கூப்பிட்டிருக்காங்க. வளையல் போட்டாச்சு... புளிசாத வாசனையும் வந்தாச்சு. இலை போடறதுக்குள்ள ஒரு குட்டிக் கதையை முடிச்சுடறேன்.

எங்க தெருவுல தேவகனின்னு ஒரு பொண்ணு. அம்மா வீட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளை பெத்தா. சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்த மறுநாள் உடம்பு அனலா கொதிக்குது, குளிர்ல பல்லு கிடுகிடுங்குது. அவ அம்மா செண்பகம் என்ன சொன்னாங்க? "பால் கட்டுதுல்லா, அந்தக் காய்ச்சல்தான்." பார்க்க வந்தவங்க என்ன சொன்னாங்க? பால் காய்ச்சல். வாசல்ல நின்ன கீரைக்காரம்மா? அவங்களும் பால் காய்ச்சல்.

கம்பளி போர்த்தினாங்க. குளிர் அடங்கலை. இன்னொரு கம்பளி. அடிவயிறு வலிக்குன்னா... பிள்ளை பெத்த வயிறு வலிக்கத்தான் செய்யும்னாங்க. துணியில படுற தீட்டுல கெட்ட வாடை வருதுன்னா... அதுவும் அப்படித்தான் இருக்கும்னாங்க. எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தாங்க. தெர்மாமீட்டர் மட்டும் வைக்கலை.

அப்பத்தான் பிள்ளை பார்க்க வந்தாங்க தங்கபுஷ்பம் மைனி. எங்க தெருவுக்குச் செய்தி வாசிக்கிறவங்க. அன்னைக்கு அவங்க கையில தலைப்புச் செய்தி. தேவகனிக்கும் அவ ஓரகத்திக்கும் ஆகவே ஆகாது. அந்த ஓரகத்தி கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிட்டு வந்த பட்டு, இரவல் பட்டு. சேலைக்கு உடையவங்க, கூட்டத்துல வச்சே திருப்பிக் கேட்டுட்டாங்க. யோசிச்சுப் பாருங்க... ஓரகத்தி பத்தி இப்படி ஒரு சேதி, கட்டிலைத் தேடி வருது. உங்கள்ல யாரு சும்மா படுத்திருப்பீங்க?

தேவகனி விட்டத்தையே பார்த்துக்கிட்டுக் கிடந்தா. மூச்சு மட்டும் ஓடி வந்தவளுக்கு இரைக்கிற மாதிரி இரைக்குது. மைனி குரலை மாத்தி, முந்தானையை இழுத்து, மறுபடி நடிச்சே காட்டினாங்க. ம்ஹும்...

மைனி கிளம்பி வாசலுக்கு வந்தா, தேவகனி புருஷன் இசக்கிராஜ் பைக்கை நிறுத்துறான். மைனி அவன்கிட்ட, "ஓரகத்தி கதை அவ்வளவு சொன்னேன்ப்பா. உன் பொண்டாட்டி ஒரு 'அப்புறம்?' கேக்கலை."

காய்ச்சல்னு போன்ல சொன்னப்போ பதறாதவன், இதுக்குப் பதறினான். ஏன்? ஓரகத்தி கதைன்னா அவ தூக்கத்துல இருந்தும் எழுந்து உக்காருவான்னு கட்டினவனுக்குத் தெரியாதா! உள்ள ஓடி, பிள்ளை பால் குடிச்சுதான்னு கேட்டான். பக்கத்துலயே பிள்ளை கிடக்கு. அவ மெதுவா, "எந்தப் பிள்ளை?"ன்னா.

108-க்குப் போன் போட்டான். செண்பகம் குறுக்க நின்னு, "மாப்பிள்ளை, பச்ச உடம்பு... காத்து பட்டுரும்"னாங்க.

"காத்து பட்டா பாத்துக்கலாம் அத்தை. இவ போயிட்டா யாரைப் பார்க்க?"

ஆஸ்பத்திரியில காய்ச்சல், நாடி, பிரஷர், மூச்சு எல்லாம் வரிசையாப் பார்த்தாங்க. ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட் வரட்டும்னு உக்காந்திருக்கலை... உடனே நரம்புல மருந்து, சலைன். டாக்டரம்மா சொன்னாங்க: "கர்ப்பப்பையில புகுந்த கிருமி உடம்பு முழுக்கப் பரவிடுச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்திருந்தா நாளைக்கு இவ இருந்திருக்க மாட்டா."

பிழைச்சுட்டா. அதோ, முன் வரிசையில பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு என்னை முறைக்கிறா பாருங்க.

இதை எதுக்குச் சொன்னேன்? பால் கட்டுறப்ப உடம்பு லேசா சுடலாம். ஆனா இது பால் காய்ச்சல்தான்னு தீர்ப்புச் சொல்றது நம்ம வேலையா? இல்லை தாயீ... இல்லை. பிள்ளை பெத்தவளுக்குக் காய்ச்சலா? குளிரா? தீட்டுல கெட்ட வாடையா? மூச்சு இரைக்குதா? பேச்சு முன்னப்பின்ன போகுதா? இதுல ஒண்ணு போதும். கம்பளியைத் தேடாதீங்க, வண்டியைக் கூப்பிடுங்க. அவளாச் சொல்வாள்னு காத்திருக்காதீங்க. சொல்ற நிலையில அவ இருக்க மாட்டா. கூட இருக்கிற நீங்கதான் கண்ணு. தங்கபுஷ்பம் மைனி மாதிரி ஒரு கண்ணு வேணும்.

மைனிக்கு இந்த மேடையில ஒரு சால்வை போடணும்னு நேர்ல போய்க் கூப்பிட்டேன். தேவகனி வர்ற இடத்துக்கு வர மாட்டேன்னுட்டாங்க. "வலிய வந்து சேதி சொன்னவளைத் திரும்பிக்கூடப் பார்க்காத திமிரு பிடிச்சவ. புருஷன்கிட்ட நாலு வார்த்தை கோள் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வாசல்ல நின்னேன்"னாங்க. ரெண்டு பேருக்கும் இன்னிக்கு வரைக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.